பெட்டி கட்டும் முன் பெயரைச் சரிபாருங்கள்

எங்கள் மகள் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். விடுதியில் அறை கிடைத்து வகுப்புகளும் தொடங்கிவிட்டதால், நானும் என் மனைவியும் இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது, கட்ஆஃப் மதிப்பெண்ணை வைத்து எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று எப்படிக் கணிப்பது என்பவை விண்ணப்பித்த எல்லா வீடுகளுக்கும் தெரிந்தவை. அவற்றை நான் எழுதப் போவதில்லை. ஒதுக்கீட்டு ஆணை வருவதற்கும் பிள்ளை விடுதியில் நுழைவதற்கும் இடையில் கிடைப்பது மிகக் குறைந்த அவகாசம். அந்த அவகாசத்தில் வீட்டில் நடக்க வேண்டிய வேலைகளைப் பற்றித்தான், அடுத்த ஆண்டு இதே நிலையில் இருக்கப் போகும் கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக வேலை பார்ப்பவன். காகிதத்தில் ஓர் எழுத்து மாறினால் ஒரு குடும்பம் எத்தனை முறை அலைய நேரிடும் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதால், என் அறிவுரையில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்: பிள்ளையின் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று, பெட்டி வாங்கப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வாளியும் தலையணையும் எந்த ஊரிலும் கிடைக்கும். தவறான தலைப்பெழுத்தை அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு திருத்த முடியாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியான வாரத்தில், கூடத்து மின்விசிறியை நிறுத்திவிட்டு, மகள் பெயரில் இருந்த எல்லாக் காகிதங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்தாள். நான் கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். “அப்பா, மார்க் ஷீட்ல இனிஷியல் பேருக்குப் பின்னாடி இருக்கு, பாஸ்புக்ல முன்னாடி இருக்கு, ஆதார்ல உங்க முழுப் பேரே இருக்கு” என்றாள். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஓர் இடத்தில் ‘எச்’ கூடுதலாக இருந்தது. கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் இந்த வேறுபாடுகள், கணினியில் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டு வேறு ஆட்களாகிவிடுகின்றன.

இதில் நான் பின்பற்றிய முறை எளிமையானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் அதற்கு ஏற்ப மாற்றினோம். மதிப்பெண் சான்றிதழில் பெயரைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம்; மேற்படிப்பு, வேலை, கடவுச்சீட்டு என்று வாழ்நாள் முழுவதும் கேட்கப்படுவதும் அதுதான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், அவசரத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது. அதே வேளையில், 15 வயது ஆன பிறகு கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். சிறு வயதில் எடுத்த ரேகை பொருந்தாமல் போனால், வங்கியில் விரல் வைக்கும் இடத்தில் பிள்ளை தனியாகத் திண்டாட வேண்டியிருக்கும்.

கல்லூரியில் சேர்க்கை நடந்த அன்று இதன் பலன் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தந்தையிடம், சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரும்படி சொல்லிவிட்டார்கள். அறியாத ஊரில், மதிய வெயிலில், மகனை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அவர் நோட்டரியைத் தேடிப் போனார். எங்கள் மகளின் காகிதங்களைப் புரட்டிய அலுவலர் எதுவும் கேட்கவில்லை. அவர் எதுவும் கேட்காததுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி என்று இன்றும் நினைக்கிறேன்.

கோப்பில் வைக்க வேண்டியவை:

ஒதுக்கீட்டு ஆணை, பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பதினொன்றாம் வகுப்புக்கு இருந்தால் அதுவும், மாற்றுச் சான்றிதழ்.
சாதிச் சான்று, வருமானச் சான்று, பொருந்துமானால் முதல் பட்டதாரிச் சான்று.
ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான பள்ளிச் சான்று, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்).
ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவத் தகுதிச் சான்று, இரத்த வகை எழுதிய தாள்.
பாஸ்போர்ட் அளவுப் படங்கள், தேவை என்று நினைப்பதைவிட இரு மடங்காக.

அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பள்ளி திறந்திருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கும் அதுவே அடிப்படை. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அதுவே அடிப்படை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இந்தப் பணம் ஆதாருடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இங்கேயும் பெயர்ப் பொருத்தம்தான் முதல் படி என்பதை மறந்துவிடாதீர்கள்.

எல்லையோரம் வாழும் நமக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரிப் பள்ளிக்குப் பேருந்தில் போய்ப் படிக்கும் பிள்ளைகள் பலர். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று கேட்கப்படுவதில்லை. இடையில் சில ஆண்டுகள் புதுச்சேரியில் படித்திருந்தாலும் அது தேவைப்படும். புதுச்சேரியின் பாகூரில் பாட்டி வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளின் பெற்றோர் இதை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரிவாசிகள் அந்த அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகச் சேர்வதால் அவர்களுக்குரிய குடியிருப்புச் சான்று வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் தவறான விண்ணப்பம் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அசல் சான்றிதழ்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. சேர்க்கை மேசையில் இருந்தவர், படிப்பு முடியும் வரை எல்லா அசல்களும் கல்லூரியில்தான் இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். சரிபார்த்தவுடன் அசல்களை மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை அச்சிட்டுக் கோப்பின் கடைசியில் வைத்திருந்தேன். குரலை உயர்த்தாமல் அதை எடுத்து நீட்டியதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, மாற்றுச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தந்தார்கள். அந்தத் தாள் கையில் இல்லாத பெற்றோர் பலர் அன்று பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவேளை எதையாவது கொடுத்தே ஆக வேண்டியிருந்தால், எந்தெந்தச் சான்று கொடுத்தீர்கள் என்று முத்திரையுடன் எழுதி வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

நகல்கள் மூன்று இடங்களில் இருக்கட்டும்: ஒரு கட்டு பிள்ளையிடம், ஒரு கட்டு வீட்டில், ஸ்கேன் செய்த கோப்புகள் இருவர் மின்னஞ்சலிலும். மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரிலும் எடுத்து வைத்துவிடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். நம் ஊரில் தோன்றாது. 2011 டிசம்பரில் தானே புயல் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனதையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும் பார்த்தவர்கள் நாம். நனைந்து ஒட்டிப்போன சான்றிதழ்களை வெயிலில் பிரித்துக் காயவைத்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அசல்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, பரணிலோ அலமாரியின் மேல் தட்டிலோ வையுங்கள். கட்டிலுக்கு அடியில் உள்ள டிரங்குப் பெட்டியில் வைக்காதீர்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றித் தொழில்முறையில் ஒரு வார்த்தை. கல்லூரியில் சேரும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். அவர்களிடம் இருப்பது மைனர் கணக்கு. பதினெட்டு நிறைந்ததும் புதிய கையெழுத்தும் அடையாள ஆவணங்களும் கொடுத்து அதை மாற்றியாக வேண்டும். செய்யாவிட்டால் பரிவர்த்தனை தடைபடலாம். பிறந்தநாள் எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்து, அதை ஒட்டிய விடுமுறையில் ஊருக்கு வரும்போது செய்யும்படி இப்போதே குறித்துவையுங்கள்.

இனிப் பெட்டி. நாங்கள் பேருந்தில்தான் போனோம். சேலத்தில் இறங்கி வேறு பேருந்து ஏற வேண்டியிருந்தது. அதனால் நான் வைத்த ஒரே அளவுகோல், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இல்லாதபோது மகள் தானே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறக்கூடிய எடைதான். ரயிலில் போகிறவர்களுக்குப் படுக்கை வகுப்பில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை கட்டணமில்லை என்றாலும், அவ்வளவையும் நிரப்பியே தீர வேண்டும் என்ற அவசியமில்லை. மெத்தை, தலையணை, வாளி, துணி உலர்த்தும் கொடி எல்லாவற்றையும் கல்லூரி இருக்கும் ஊரிலேயே வாங்கினோம்.

பெட்டியை அவளே அடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. பதினேழு வருடம் துணி மடித்துக் கொடுத்தவளுக்குக் கடைசியாக ஒரு முறை மடித்துக் கொடுக்க ஆசை இருக்காதா என்று கேட்டாள். அந்த ஆசை நியாயமானதுதான். இருந்தாலும் எது எந்த மூலையில் இருக்கிறது என்பது அடுக்கிய கைக்குத்தான் தெரியும். காய்ச்சல் வந்த இரவில் மாத்திரை எங்கே என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் கேட்கும் நிலை வரக் கூடாது. இருவருக்கும் பொதுவாக, அம்மா பொருள்களை எடுத்துக் கட்டிலில் வைப்பது, மகள் பட்டியலில் குறித்துக்கொண்டு உள்ளே அடுக்குவது என்று முடிவானது.

எவர்சில்வர் தட்டு, டம்ளர், மூடியுள்ள டப்பா ஆகியவற்றை லாரன்ஸ் சாலையில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கி, அங்கேயே பெயர் வெட்டச் சொன்னோம். வெட்டும் கருவி கிர்ரென்று ஓட, கடைக்காரர் தாளில் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்துப் பார்த்து, டம்ளரின் வளைவில் தமிழில் பொடி எழுத்தாக இழுத்தார். உதிர்ந்த வெள்ளித் தூளை மகள் விரலால் துடைத்துவிட்டுப் படித்துப் பார்த்தாள். விடுதியில் எல்லோருடைய டம்ளரும் ஒரே மாதிரி இருப்பதால் இது உண்மையிலேயே பயன்படுகிறது. துணிகளின் உள்பக்கத்தில் அழியாத மையால் அறை எண்ணையும் தலைப்பெழுத்தையும் எழுதிவிட்டால் சலவைக்குப் போனாலும் திரும்பி வரும்.

கட்டாயம் வேண்டியவை: நல்ல பூட்டு இரண்டு, அவற்றின் மாற்றுச் சாவிகள் வீட்டில். டார்ச். தையல் ஊசி, நூல், பொத்தான். பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், மருத்துவர் வழக்கமாக எழுதித் தரும் மருந்துகள் சீட்டுடன். மாதவிடாய்க்கு வேண்டியவை முதல் இரண்டு மாதங்களுக்கு. கோவையின் ஆடி மாதக் காற்றுக்கு ஒரு கனமான போர்வை. இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி ஆகியவற்றை விடுதி விதிகளைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

உணவுப் பொருள்களில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பண்ணுருட்டி முந்திரி ஆகியவை நன்றாகத் தாங்குகின்றன. ஊறுகாயை எண்ணெய் கசியாத பாட்டிலில் போட்டு, மேலே இரண்டு உறை கட்டி, துணிகள் இல்லாத பையில் வையுங்கள். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு மகளுக்கு மிகவும் பிடிக்கும் என்றாலும், அறைத்தோழிகள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்த பிறகு அடுத்த முறை கொடுத்தனுப்பலாம் என்று தள்ளிவைத்தோம்.

பகடிவதை (ராகிங்) குறித்துப் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே அதைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு மானியக் குழு விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி அளிக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் உதவி எண்ணான 1800-180-5522ஐக் கைப்பேசியில் மட்டுமல்லாமல் கோப்பின் உள்ளட்டையிலும் எழுதி வையுங்கள். முதல் வாரத்தில் பிள்ளை அழுதால் உடனே பேருந்து ஏறிவிடாதீர்கள். சாப்பிட மறுக்கிறது, தூங்கவில்லை, யாரையோ கண்டு பயப்படுகிறது என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் போங்கள்.

விடுதியில் சேர்த்த அன்றே கல்லூரியின் கல்வி நாள்காட்டியைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது; தீபாவளி, பொங்கல் விடுமுறைகளுக்கு அது திறக்கும் தேதியைக் கணக்கிட்டு, பிள்ளையின் கைப்பேசியிலேயே நினைவூட்டல் போட்டுவிடுங்கள். கோவையிலிருந்து நேரடிப் பேருந்தில் இடம் கிடைக்காவிட்டால், சேலம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஆத்தூர், விருத்தாசலம், நெய்வேலி வழியாகப் பகலிலேயே கடலூர் வந்து சேர்ந்துவிடலாம்.