அடைப்புக்குறிக்குள் இருக்கும் வசனங்கள்

மத்தேயு 17:21, மாற்கு 9:44, அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7. இந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. புதிய மொழிபெயர்ப்புகளில் இந்த வசனங்களைக் காணோம், யாரோ திட்டமிட்டு எடுத்துவிட்டார்கள் என்பது செய்தியின் சாரம். வசனத்தில் கைவைப்பவனுக்கு என்ன கதி என்று காட்ட, கடைசியில் வெளிப்படுத்தின விசேஷம் 22:19. எங்கள் வேதபாட வகுப்புக்கு வரும் ஒரு அம்மா இதைப் படித்துவிட்டு, மகன் வாங்கிக்கொடுத்த திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பை வீட்டில் வைத்திருக்கலாமா என்று என்னிடம் கேட்டார். கேட்கும்போதே அவருக்குக் குரல் நடுங்கியது. தேவனுடைய வார்த்தையைக் கையில் எடுக்கவே ஒரு விசுவாசியைப் பயப்பட வைப்பது சின்னக் குற்றம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1 யோவான் 5:7-ஐ எடுத்துக்கொள்வோம். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே" என்று பழைய மொழிபெயர்ப்பில் நாம் மனப்பாடம் செய்த வசனம். 1516-ல் எராஸ்மஸ் என்ற அறிஞர் பாசல் நகரில் மூலமொழியான கிரேக்கத்தில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் இது கிடையாது. 1519-ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் கிடையாது. லத்தீன் வேதாகமத்திலேயே ஊறியவர்கள் கொதித்தெழுந்தார்கள். திரித்துவத்தைக் குலைக்கப் பார்க்கிறார் என்று பழி சுமத்தினார்கள். தாம் பார்த்த எந்தக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதியிலும் அது இல்லை என்பதே அவருடைய பதில். பிறகு அந்த வசனம் அடங்கிய ஒரு கிரேக்கப் பிரதி கிடைத்தது. இன்று டப்ளினில் இருக்கும் அந்தப் பிரதி, எராஸ்மஸின் காலத்திலேயே எழுதப்பட்டது. 1522-ல் வந்த மூன்றாம் பதிப்பில் வசனத்தைச் சேர்த்துவிட்டார். அதற்குப் பின் வந்த கிரேக்கப் பதிப்புகளில் அது நிலைத்தது. 1611-ன் ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் வேதாகமத்துக்குப் போனது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்புக்கும் வந்தது. சபையின் முதல் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளின் கிரேக்கப் பிரதிகளில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் உபதேசத்தை எதிர்த்து, நான்காம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியு எத்தனை முறை நாடு கடத்தப்பட்டார்! இப்படியொரு வசனம் கையில் இருந்திருந்தால் அதைத்தானே அவர் முதலில் எடுத்துக் காட்டியிருப்பார்? காட்டவில்லை. ஆனாலும் திரித்துவ விசுவாசம் அந்த நூற்றாண்டிலேயே நைசேயாவிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய சபைச் சங்கங்களில் அறிக்கை செய்யப்பட்டது. இந்த ஒரு வசனத்தின் மேல் அது நிற்கவில்லை.

இனி அந்த எச்சரிக்கை வசனத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எராஸ்மஸிடம் இருந்தது ஒரே ஒரு கிரேக்கப் பிரதி. அதுவும் ரொய்க்லின் என்ற அறிஞரிடம் இரவல் வாங்கியது. அதில் கடைசித் தாள் இல்லை. அச்சுக்கூடம் அவசரப்படுத்தியது. கடைசி ஆறு வசனங்களை அவர் லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிக்கொண்டார். 22:19-ல் எடுத்துப்போடுகிறவனுடைய பங்கை தேவன் "ஜீவபுஸ்தகத்திலிருந்து" எடுத்துப்போடுவார் என்று நாம் வாசிக்கிறோமே, அது அந்த வழியில் வந்த வாசிப்பு. கிரேக்கப் பிரதிகளில் இருப்பது ஜீவவிருட்சம். எதையும் கூட்டாதே, குறைக்காதே என்று சொல்லும் வசனத்தையே பழைய பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டியிருக்கிறது. அப்படி ஒப்பிடுகிறவர்களையா நாம் திருடர்கள் என்கிறோம்?

மற்றவற்றுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. மாற்கு 9:44-ம் 46-ம், 48-ஆம் வசனத்தின் அதே வார்த்தைகள். 48 எல்லா மொழிபெயர்ப்புகளிலும் அப்படியே இருக்கிறது. மத்தேயு 17:21, மாற்கு 9:29-ஐ நினைவில் வைத்திருந்த ஒருவர் எழுதிச் சேர்த்ததாக இருக்க வேண்டும். சுவிசேஷத்தை மனப்பாடமாக அறிந்தவர் பிரதி எடுக்கும்போது கை அப்படித்தான் போகும்.

இப்படிப்பட்ட வசனங்களை அடைப்புக்குறிக்குள் போட்டோ எடுத்தோ அடிக்குறிப்பில் காரணம் சொல்வது நவீன அவிசுவாசத்தின் பிள்ளை என்று சிலர் போதிக்கிறார்கள். 1611-ன் கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் லூக்கா 17:36-க்குப் பக்க ஓரத்தில் ஒரு குறிப்பு உண்டு: இந்த வசனம் பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்று. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தங்களுக்குத் தெரிந்ததை மறைக்கவில்லை. பல மொழிபெயர்ப்புகள் இருப்பது வேதத்தை விளங்கிக்கொள்ள நல்லது என்று தங்கள் முன்னுரையிலும் எழுதிவைத்தார்கள். அவர்களுடைய பேரைச் சொல்லி மற்ற மொழிபெயர்ப்புகளைத் தள்ளுகிறவர்கள் அந்த முன்னுரையை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

நம் கதையும் வேறு அல்ல. மிஷனரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-ல் அச்சாகி முடிந்தது. பின்வந்த மிஷனரி பப்ரிசியஸ் அதைத் திருத்தியதோடு நிற்கவில்லை, புதிதாகவே மொழிபெயர்த்தார். பிறகு இரேனியஸ். பிறகு ஆறுமுக நாவலரின் உதவியோடு பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் செய்தது. அதைச் சென்னையில் ஏற்கவில்லை. கடைசியில் ஹென்றி பவர் தலைமையில் 1871-ல் முழு வேதாகமமாக வந்ததைத்தான் இன்று "பழைய மொழிபெயர்ப்பு" என்கிறோம். அதுவும் ஒரு காலத்தில் புதிய மொழிபெயர்ப்புதான். லுத்தரன் சபைகள் அதை ஏற்காமல் பப்ரிசியஸையே நெடுங்காலம் வைத்திருந்தன.

அந்தப் பற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வட ஆப்பிரிக்காவில் ஒரு சபையில் அதன் ஆயர், எரோணிமு அப்போது செய்திருந்த புதிய லத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து யோனாவை வாசித்தபோது, காலங்காலமாகக் கேட்டுவந்த செடியின் பெயர் மாறியிருந்ததால் கலவரமே மூண்டது என்று அக்காலத்து ஆயர் அகுஸ்தீன் கடிதம் எழுதியிருக்கிறார். (நம்முடையதில் அது ஆமணக்கு.) எனக்கு அந்தச் சபையார்மேல் கோபம் வருவதில்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதைத் தவிர வேறு எந்த வடிவத்திலும் மரணப்படுக்கையின் அருகே என்னால் வாசிக்க முடியாது. ஆராதனையில் பழையதே வாசிக்கப்படட்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் நேசிப்பது வேறு. மற்றதெல்லாம் பிசாசினுடையது என்பது வேறு. பின்னது பொய்ச்சாட்சி.

எனக்கு உண்மையில் வருத்தம் போதகர்கள்மேல்தான். கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி இறையியல் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பிரசங்க பீடத்தில் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்டால், மக்கள் குழம்பிவிடுவார்கள் என்கிறார்கள். மக்கள் ஏற்கெனவே குழம்பித்தான் கிடக்கிறார்கள் ஐயா, உங்கள் மௌனத்தால். அடுத்த முறை யோவான் 8-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்பதையும், அப்படியிருந்தும் சபை அதை ஏன் இன்றுவரை வாசிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.