ஒரே சேலை, இரண்டு கைகள்

காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளை இணையத்தில் விற்க விரும்பிய ஒரு கடைக்காக எங்கள் குழு செயலி உருவாக்கியது. அந்தக் கடையில் பெரும்பாலான சேலைகள் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். அதே நிறம், அதே கரை, அதே முந்தானையில் இரண்டாவது கிடையாது. ஒரே மாதிரிச் சட்டையை நூறு நூறாக விற்கும் இடத்தில் மறைந்தே கிடக்கும் பிழை, இங்கே உடனே வெளியே வந்துவிடும்.

வந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த ஒரு சேலைக்கு இரண்டு பேர் பணம் கட்டியிருந்தார்கள். இருவருக்கும் ஆர்டர் உறுதியானதாகச் செய்தியும் போய்விட்டது. ஒருவரை அழைத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. மகளின் நிச்சயதார்த்தத்துக்காக எடுத்த சேலை என்றார் அந்த அம்மா. "பணம் திரும்ப வந்துவிடும் அம்மா" என்றேன். "பணத்தையா கேட்டேன் தம்பி? சேலை இருக்கிறது என்றுதானே காட்டினீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிழை இதுதான்: பணம் வந்த பிறகுதான் செயலியில் சேலையின் இருப்பு எண்ணிக்கையைக் குறைத்துவந்தோம். அதுவும் முதலில் இருப்பைப் படித்து, பிறகு தனியாகக் குறைத்துவந்தோம். அந்த இடைவெளியில் இருவர் நுழைந்துவிட்டார்கள். 'ஒன்று இருந்தால் மட்டும் குறை' என்று, இருப்புக் கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்ததும் இந்தப் பிழை தீர்ந்தது. ஆனால் சேலையை எப்போது ஒருவருக்கென ஒதுக்குவது? கூடையில் போட்டவுடன் என்றால், வாங்காமல் நாள்கணக்கில் கூடையிலேயே விட்டுவைப்பவர்கள் பலர். கடையே காலியாகத் தெரியும்.

ஒரு நாள் கடையிலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெண் மடியில் வைத்துப் பார்க்கும் சேலையை, விற்பனைப் பெரியவர் இன்னொருவருக்கு எடுத்துக் காட்டவே மாட்டார். அந்தப் பெண் நான்கு சேலைகளை மடியில் வைத்துக்கொண்டு முடிவெடுக்காமல் இருந்தால் மட்டும், பெரியவர் பேசிக்கொண்டே இரண்டை மெதுவாக எடுத்து மடித்துவைப்பார். எங்களுக்குத் தேவையான விதி அவருடைய கைகளிலேயே இருந்தது. பணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்தவருக்குப் பத்து நிமிடம் சேலையைப் பிடித்துவைத்தோம்.

அதன் பிறகுதான் மிகக் கடினமான சிக்கல் வந்தது. யு.பி.ஐ.யில் ஒருவர் கட்டிய பணத்துக்கு வங்கியின் பதில் பதினான்காவது நிமிடத்தில் வந்தது. அதற்குள் சேலை வேறொருவரிடம் போய்விட்டது. 'வெற்றி', 'தோல்வி' என்று இரண்டு திரைகளை மட்டுமே வரைந்திருந்தோம். 'இன்னும் தெரியவில்லை' என்ற மூன்றாவது நிலைக்குத் திரையே இல்லை. கணக்கில் கழிந்த பணம் வணிகருக்கு உறுதியாகாவிட்டால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று 2019-இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த ஐந்து நாட்கள் எவ்வளவு நீளம் என்பது பணம் கட்டியவருக்குத்தான் தெரியும். வங்கியிடமிருந்து தெளிவான பதில் வரும்வரை சேலையை விடுவிப்பதில்லை என்று மாற்றினோம். "பணம் வந்ததா என்று பார்க்கிறோம். சேலை உங்களுக்காகவே இருக்கிறது. மறுபடி கட்ட வேண்டாம்" என்று ஒரு திரையும் வைத்தோம்.

அந்த நேரத்தில் அதே சேலையைத் தேடி வரும் மற்றவருக்கு 'கையிருப்பு இல்லை' என்று காட்டிக்கொண்டிருந்தோம். பெரியவரிடம் அதைக் காட்டினேன். தலையசைத்து மறுத்தார். அவர் சொன்னபடியே மாற்றி எழுதினோம்: "இன்னொருவர் கையில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்."