மாத்திரை எனக்கு ஆகாது: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

கருத்தடை மாத்திரை எனக்கு இல்லை என்று முடிவாகிவிட்டது. சின்னவனுக்கு ஒன்பதாம் மாத ஊசி போடப் போன இடத்தில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நானும் "மாத்திரையே கொடுங்க" என்றேன், இங்கே எல்லாரும் முதலில் கேட்பது அதுதானே. தலைவலி வருமா என்று கேட்டார். வரும், ஒற்றைத் தலைவலி, அது ஆரம்பிப்பதற்கு முன்னால் கண் ஓரத்தில் கோடு கோடாய் மின்னும், அந்த நேரத்தில் எழுத்துகூடப் படிக்க முடியாது என்றேன். பேனாவை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

வழக்கமான மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. கண்ணில் மின்னிவிட்டு வரும் தலைவலிக்காரர்களுக்கு அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும், அதனால் கூடவே கூடாது என்றார் டாக்டர். பெரியவன் பிறந்த பிறகு வேறொரு கிளினிக்கில் அதே மாத்திரையை அட்டை அட்டையாய் வாங்கிச் சாப்பிட்டேன், தலைவலி உண்டா என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரையும் இருக்கிறதாம். ஆனால் அதைத் தினமும் ஒரே நேரத்தில் போடணும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட் என்று ஓடுகிறவளுக்கு எது ஒரே நேரம்? அதையும் விட்டாச்சு.

விரலில் குத்தி ரத்தமும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10.1. பன்னிரண்டாவது இருக்கணுமாம். இரும்புச்சத்து மாத்திரை ஒரு பை நிறையக் கொடுத்து, யோசித்துவிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்துக்கு இத்தனை பொறுமையாய்ப் பேசுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி 9

வீட்டில் பேச்சை எடுத்தேன். அத்தைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. லூப் வைத்தால் அது நெஞ்சு வரைக்கும் ஏறிவிடும், கருத்தடை ஊசி போட்டால் உடம்பு ஊதிவிடும், கையில் தோலுக்குக் கீழே வைக்கிற ஹார்மோன் குச்சி ரத்தத்தோடு ஓடிப் போய்விடும். லூப் இருப்பது கர்ப்பப்பைக்குள், அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. எப்போதாவது அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு, அது வேறு விஷயம், வைக்கிறவர் கையைப் பொறுத்தது. ஊசியில் எடை கூடுவது மட்டும் கதை இல்லை, சிலருக்குக் கூடத்தான் செய்கிறது.

அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் டிரஸர், தோட்டத்து மருத்துவ உதவியாளர், அவர்தான் மாத்திரை கொடுப்பாராம். மலேசிய அரசாங்கம் 1966ல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்ததிலிருந்து மாத்திரைதான் முக்கிய வழியாக இருந்தது, அம்மா தலைமுறைக்கு "கட்டுப்பாடு" என்றாலே மாத்திரை என்று ஆனது அப்படித்தான். அப்புறம் 1984ல் காற்று திசை மாறியது, நாட்டுக்கு ஏழு கோடி மக்கள் வேண்டும் என்று பிரதமர் மகாதீர் காலத்தில் கொள்கை வந்து, வாரியத்தின் பேரும் மாறியது. அம்மா அந்த ஏழு கோடிக்குத் தன் பங்காக நாலைக் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டார். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டோடு மரம் வெட்டப் போனவரிடம் எது வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை.

ஜனவரி 12

இவரிடம் நேராகவே கேட்டேன், நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்று. ஆண்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதாய் ஒரு வெட்டு, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், பெண்களுக்குச் செய்வதைவிட ரொம்ப லேசானது. மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து உயிரணு இல்லை என்று உறுதி செய்யும் வரை வேறு பாதுகாப்பு வேண்டும், அவ்வளவுதான். வீரியம் போவதெல்லாம் இல்லை. இவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், "பாரம் தூக்கறவன் நான், அங்க கத்தி வைக்கச் சொல்றியா" என்றார். ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும் என்றேன். அதற்குப் பதில் இல்லை. அப்புறம் மெதுவாக, ஒரு பெண் பிள்ளை இருந்தால் நல்லாயிருக்கும் இல்ல, என்றார்.

ஓ, அதுதான் விஷயம். எனக்கும் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படியென்றால் நிரந்தரமான வழி இருவருக்குமே கிடையாது, இப்போதைக்கு மூன்று நான்கு வருஷம் நிறுத்தி வைக்கிற வழிதான் வேண்டும். இது தெரிந்ததே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆணுறை மட்டும் போதாதா என்றும் கேட்டார். அதை நம்பியிருக்கும் நூறு பேரில் ஒரு வருஷத்தில் 13 பேர் கர்ப்பமாகிறார்கள், நடைமுறையில் மறப்பது, கிழிவது எல்லாம் சேர்த்து. மாத்திரையில் 7, ஊசியில் 4. லூப்பில் ஒருத்தருக்கும் குறைவு, கைக்குச்சியில் ஆயிரம் பேரில் ஒருத்தர். நோய் தொற்றாமல் காப்பது ஆணுறை மட்டும்தான், அது வேறு கணக்கு. இவர் ஆயிரத்தில் ஒன்று என்றதும் வாயைப் பிளந்தார்.

ஜனவரி 17

பொங்கல் வேலையெல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. கர்ப்பம் தரிக்காமல் காக்குமா என்ற கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். ரத்தப்போக்கை அது என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் தினசரி வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதுதான். கையுறைத் தொழிற்சாலையில் கிளவுஸ் லைனில் நின்றால் நினைத்த நேரத்துக்குக் கழிவறை போக முடியாது, லீடரிடம் சொல்லி, ஆள் மாற்றி, அப்புறம்தான். வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு, அத்தை எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார், ஆனால் கணக்கு வைத்திருப்பார்.

செம்பு லூப்பில் ஹார்மோனே கிடையாது, வகையைப் பொறுத்து ஐந்து முதல் பத்து வருஷம் இருக்கும், தலைவலிக்காரிக்கு அதுதான் சொர்க்கம். ஆனால் மாதவிடாய் அதிகமாகும், முக்கியமாக முதல் சில மாதங்கள். 10.1 ரத்தத்தை வைத்துக்கொண்டு அதை நான் விரும்பவில்லை. கூடாது என்று மிஸ்ஸி சொல்லவில்லை, என் பயம்தான். ஹார்மோன் வைத்த லூப் நேர் எதிர், போக்கைக் குறைத்துவிடும், ரத்தசோகைக்கு நல்லதுகூட. அதைத் தனியாரில் வைக்க விசாரித்தேன், கேட்ட விலையில் பெரியவனின் பள்ளிச் செலவு முழுக்க முடிந்துவிடும்.

ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. போட்டபின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்ப எடுக்க முடியாது, அது கரையும் வரை பொறுத்துத்தான் ஆகணும். நிறுத்தினாலும் மறுபடி கரு நிற்க ஒரு வருஷம் வரைகூட இழுக்கலாம். இவருடைய பெண் பிள்ளை ஆசைக்கு அது சரிப்படாது.

மிச்சம் கைக்குச்சி. மூன்று வருஷம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்த கொஞ்ச நாளில் உடம்பு பழையபடி. ஈஸ்ட்ரோஜன் இல்லை, பால் கொடுக்கலாம். ஆனால் போக்கு எப்போது வரும், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. ஐந்தில் ஒருத்தருக்கு நின்றே போகுமாம், கிட்டத்தட்ட அதே அளவு பேருக்கு நாள்கணக்கில் நீளுமாம். நான் எந்தப் பக்கம் என்பது வைத்தபிறகுதான் தெரியும். இருந்தாலும் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்ற ஒன்றுக்காகவே இதற்குச் சாய்கிறேன்.

ஜனவரி 22

வைத்தாகிவிட்டது. மாதவிடாய் வந்து ஐந்து நாளுக்குள் வைத்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு, இல்லையென்றால் ஏழு நாள் கூடுதல் கவனம் வேண்டும் என்றதால் மூன்றாம் நாளே ஓடினேன். இடது மேல்கையின் உட்பக்கம், மரத்துப்போக ஒரு ஊசி, அப்புறம் தீக்குச்சி அளவு வளைகிற ஒரு குச்சியைத் தோலுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். தையல் இல்லை. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார் டாக்டர், தட்டுப்பட்டது. எப்போதாவது தட்டுப்படவில்லை என்றால் வரணும். தலைவலி முன்னைவிட மோசமானாலும் வரணும். கை நீலமாகி இருக்கிறது, சின்னவனைத் தூக்கும்போது சுரீர் என்கிறது.

பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல், நான் எடுக்கவில்லை, இவர் எடுத்தார். இரண்டு வாரமாய்ச் சொட்டுச் சொட்டாய்ப் போய்க்கொண்டே இருக்கிறது. அதிகமில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. இது மாதவிடாயே இல்லை, ஹார்மோனால் கர்ப்பப்பையின் உள்தோல் மெலிந்து கசிவதுதான் என்று அத்தைக்கு விளக்கிப் பார்த்தேன். "ரத்தம் ரத்தம்தான்" என்று முடித்துவிட்டார். எனக்கு முருகன்மேல் சந்தேகம் இல்லை, அவரைச் சுற்றி நிற்கிறவர்கள்மேல்தான். ஊர்வலத்தில் நடந்துதான் போனேன், படி ஏறவில்லை. கோபமாகத்தான் இருந்தது.

மார்ச் 19

போதும் என்று தோன்றி எடுத்துவிடச் சொல்லத்தான் போனேன். மிஸ்ஸி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை, எடுக்கணும்னா இன்னைக்கே எடுக்கலாம், ஆனால் ஒருமுறை மருந்து போட்டுப் பார்க்கலாமா என்றார். பொன்ஸ்தான் என்கிற மாத்திரை, நாம் மாதவிடாய் வயிற்றுவலிக்குப் போடுகிற அதேதான், சில நாள் தொடர்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு. சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தும் நிறுத்துவார்களாம், என் தலைவலிக்கு அது ஆகாது. ரத்தம் பார்த்ததில் 11.3 ஏறியிருந்தது. இத்தனை கசிவுக்கும் ஏறியிருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் தண்ணீரில் போட ஆரம்பித்தது காரணமாக இருக்கலாம். சரி, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.

மே 25

ஏப்ரலில் நின்றது. அப்புறம் நடுவில் சில நாள் லேசாக வந்தது, மறுபடி ஒன்றும் இல்லை. இன்னும் மாறலாம் என்று தெரியும், அதனால் பையில் ஒரு பேட் எப்போதும் இருக்கிறது. குச்சியை எடுக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா நேற்று என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கும் இதையே வைக்கச் சொல்லு என்றார். அவருக்கு வலிப்புக்கு மாத்திரை உண்டு. கார்பமசெப்பின் மாதிரிச் சில வலிப்பு மருந்துகள் இந்தக் குச்சியின் ஹார்மோனைச் சீக்கிரமே கரைத்துவிடும், வைத்தும் கர்ப்பம் ஆகலாம். அவருக்குச் செம்பு லூப்போ ஊசியோதான் சரியாக வரும் என்று நினைக்கிறேன், ஆனால் நான் சொல்லி அவர் முடிவெடுக்க வேண்டாம். நாளைக்கு எனக்கு இரவு ஷிப்ட், காலையில் அவரோடு கிளினிக்குக்குப் போகிறேன். மருந்து டப்பாவை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.