ஓடாமல் இருக்க முடியாத தம்பி

ஐந்து மாதமாக தம்பி ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் மெரினாவில் ஓடினான். காய்ச்சலிலும் ஓடினான், அம்மா ஷூவை ஒளித்துவைத்த அன்று மொட்டை மாடியில் வெறுங்காலோடு ஓடினான், ஓடாவிட்டால் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். நல்ல பழக்கம்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம், அதுதான் மனசை அறுக்கிறது. காலையில் எழும்போதே நாடித்துடிப்பு 56லிருந்து 70க்கு ஏறியிருந்தது, தூக்கமும் போச்சு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே ஒரு இடம், கட்டைவிரல் பட்டாலே துடித்துப்போவான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எம்ஆர்ஐயில்தான் மயிரிழை விரிசல் தெரிந்தது; ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் சிக்காது. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்வதே ஓய்வில்தான், அதை அவன் கொடுக்கவே இல்லை.

நேற்று விடியற்காலை நாலரைக்குப் பார்த்தால், இருட்டில் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓடியே ஆகணும் என்ற இந்தப் பிடியிலிருந்து மீண்டவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க, அவனோடு கொஞ்சம் பேசணும்.