என் தம்பி பெரியவனான வழி

ஆட்டிசம், அதாவது பேச்சும் பிறரோடு பழகும் விதமும் வேறுமாதிரி வளரும் நிலை, பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஐந்தாறு வயதோடு நின்றுவிடுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள், தெரபியைச் சீக்கிரம் தொடங்குங்கள் என்பார்கள். எல்லாம் தேவையான தகவல்தான். ஆனால் அந்தக் குழந்தைக்கு மீசை முளைக்கும்போது என்ன ஆகும் என்று தேடினால் சொல்ல ஆள் குறைவு. என் தம்பிக்கு இப்போது 23 வயது. நான் எட்டு வயது மூத்தவள். அவன் வளர்ந்ததைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள், அவனுடைய பதின்வயதில் பல பொறுப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதுவரை சில சொற்கள் சொல்லிக்கொண்டிருந்தான், அப்புறம் அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டாம் வயதில் இப்படி வந்த பேச்சு போய்விடுவது உண்டு. மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது. தடுப்பூசிதான் காரணம் என்று யாரோ சொல்ல, அம்மா வெகுகாலம் அதை நினைத்துக் குமைந்தார். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-ல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. புதிதாகக் கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோரிடம் பேசும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தக் குற்றவுணர்ச்சி, குழந்தைக்குப் போக வேண்டிய தெம்பையெல்லாம் தின்றுவிடுகிறது.

நான்கு வயதில் அவனிடம் பேச்சே இல்லை என்று சொல்லலாம். பட அட்டைகள் கொடுத்தோம். 'அட்டையைக் காட்டிப் பழகினால் வாயே திறக்க மாட்டான்' என்று பயமுறுத்தினார்கள். நடந்தது வேறு. வேண்டியதைக் கேட்க ஒரு வழி கிடைத்ததும் அலறல் குறைந்தது, பிறகு பேச்சும் வந்தது. தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்பான். நாங்கள் கேட்கும் கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அவன் கேட்கும் முறை. ஆட்டிசத்தை விவரித்த முன்னோடி மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி 1943-ல் எழுதிய கட்டுரையிலேயே இந்த எதிரொலிப் பேச்சு பதிவாகியிருக்கிறது. ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் அவ்வளவுதான் என்று பலர் நம்புகிறார்கள். 2013-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நான்கு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேர் அதன் பிறகு சொற்றொடர்களாகப் பேசியிருந்தார்கள். தம்பியும் அப்படித்தான், ஏழு வயதில் வாக்கியமாகப் பேசினான்.

எங்களை உலுக்கிய காலம் பதினொன்றிலிருந்து பதினாறு வரை. தொடக்கப் பள்ளியில் ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியை, ஓடிப்பிடித்து விளையாடும் நண்பர்கள். அவனுக்கு அது ஒத்துவந்தது. மேல்வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணிக்கு ஓர் அறை. பையன்களின் நட்பு விளையாட்டிலிருந்து பேச்சுக்கு மாறியது. கிண்டல், ஜாடை, யார் யாருடைய ஆள் என்ற கணக்கு எல்லாம் அதில் சேர்ந்தது. "நல்லா இருந்த பையன் மோசமாயிட்டானே" என்றார்கள். அவன் மோசமாகவில்லை. அவன் தன் வேகத்தில் வளர்ந்துகொண்டுதான் இருந்தான். அந்த வயதுப் பிள்ளையிடம் உலகம் எதிர்பார்ப்பது ஒரேயடியாக எகிறிவிட்டது, அந்த இடைவெளிதான் வெளியே தெரிந்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்களால் உருப்படியாக எதையும் செய்ய முடிந்தது.

அல்ஜீப்ரா போடுகிறவனால் சொல்லாமல் குளிக்கப் போக முடியவில்லை. சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்கினான். ஒரு வேலையைத் தொடங்குவதும், படிகளை வரிசையாக நினைவில் வைப்பதும், பாதியில் மாறுவதும் ஆட்டிசம் உள்ள பலருக்கு அறிவுத்திறனோடு சேர்ந்து வளர்வதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து அன்றாடத் திறனை எடைபோட்டால் அந்தப் பிள்ளைக்கு அநியாயம். குளியலறைச் சுவரில் படிகளை எழுதி ஒட்டினோம். இன்றைக்கும் அது இருக்கிறது, இருக்கட்டும்.

உடம்பு மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, பருவ மாற்றம் அதன் நேரத்தில் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் அப்பா முன்யோசனையோடு இருந்தார். ஒன்பது வயதிலேயே எது தனியறையில் செய்வது, எது பிறர் முன்னால் செய்யலாம், யார் எங்கே தொடலாம் என்று படம் வரைந்து, வெட்கப்படாமல், உடலுறுப்புகளின் சரியான பெயர்களோடு சொல்லிக்கொடுத்தார்.

பதினான்கில் முதல் வலிப்பு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும், சின்ன வயதில் வராமல் பதின்பருவத்தில் தொடங்கக்கூடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். பார்த்த இடத்திலெல்லாம் "ஆட்டிசத்தில் இது சகஜம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர் பொறுமையாக வாயைத் திறக்கவைத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் சீழ். அவனுக்கு வலி தெரிந்தது, எங்கே வலிக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நடத்தை திடீரென்று மாறினால் பல், காது, வயிறு, தூக்கம், மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஆட்டிசத்தின் பக்கம் போக வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பள்ளி முடிந்தால் மணியடித்து இயங்கிய ஒரு வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோகும். அதனால் பதினைந்திலேயே தயாராகத் தொடங்கினோம். தனியாகப் பேருந்தில் போகப் பழக்கியது நீண்ட வேலை. முதலில் பக்கத்தில் உட்கார்ந்தேன், பிறகு இரண்டு இருக்கை தள்ளி, பிறகு இறங்கும் இடத்தில் மட்டும் நின்றேன். வழி அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. பேருந்து வராவிட்டால், வழி மாறினால், யாராவது கத்தினால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான பாடம், அதற்குத்தான் மாதக்கணக்கில் ஆனது.

'வேண்டாம்' சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். சின்ன வயதுத் தெரபிகளில் சொன்னதைச் செய்தால் பாராட்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டும் இளைஞனை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், பயன்படுத்திக்கொள்ளலாம். முடிவெட்டும் நாள், போடும் சட்டை என்று ஆரம்பித்து, மருத்துவர் கேட்கும் கேள்விக்கு அவனே பதில் சொல்வது வரை கொண்டுவந்தோம். முதலில் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்க்கா" என்றான். சரி என்று விட்டோம்.

பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து அடுக்கும் வேலை 19 வயதில் கிடைத்தது. நேர்முகத் தேர்வுக்குப் பதில் ஒரு வாரம் வேலை செய்துகாட்ட விடுங்கள் என்று கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். எல்லோரையும் போலவே நடந்துகொள்ளப் பெரும்பாடு பட்டான். வலுக்கட்டாயமாகக் கண்ணைப் பார்த்தான், புரியாத ஜோக்குக்குச் சிரித்தான். ஒரு வருடத்தில் அப்படியே சரிந்தான். வாரக்கணக்கில் பேச்சில்லை, இருட்டறை. பேட்டரி தீர்ந்த போன் போல என்று பிற்பாடு அவனே சொன்னான். இப்போது அரைநாள் வேலை, காதில் ஹெட்ஃபோன், வேலையெல்லாம் எழுத்தில். நிலைத்து நிற்கிறான்.

எல்லோருடைய பாதையும் இப்படிப் போகாது. வாழ்நாள் முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டியவர்களும் உண்டு, அவர்களும் இருபது முப்பது வயதில் புதிதாகக் கற்கிறார்கள். கானர் எழுதிய முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, பல நாடுகளைச் சுற்றி, 2023-ல் 89 வயதில் இறந்தார். அவருடைய ஊர் அவரை அவராகவே இருக்க விட்டது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அப்பா அம்மாவுக்கு வயதாகிறது. எங்களுக்குப் பிறகு யார் கூட இருந்தாலும் உதவட்டும் என்று தம்பியைப் பற்றி ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு வலித்தால் நமக்கு எப்படித் தெரியும், எந்தச் சத்தம் ஆகாது, வலிப்பு வந்தால் என்ன செய்வது. அவன் படித்துத் திருத்துகிறான். 'கூட்டம் பிடிக்காது' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, 'சத்தமான கூட்டம் பிடிக்காது, நூலகக் கூட்டம் பிடிக்கும்' என்று எழுதினான். மருந்துப் பக்கமும் பணம் பற்றிய பக்கமும் இன்னும் பாக்கி. பணப் பக்கத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.