ஃப்ளைவீல், பேரிங் செய்முறைத் தேர்வு: அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஃப்ளைவீலை (கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) கழற்றி, கிராங்க் கேஸ் (அந்தத் தண்டைச் சுற்றியுள்ள இன்ஜின் கூடு) பேரிங்கை மாற்றி, திரும்ப மாட்டும் வேலை. படிகளை மனப்பாடம் செய்வதைவிட, "இப்போது நான் கொடுக்கும் அழுத்தம் எந்தப் பாகத்தில் விழுகிறது?" என்று யோசித்துப் பழகியதுதான் எனக்கு உதவியது. தேர்வாளரின் கேள்விகளும் அதைச் சுற்றியே வந்தன.

நட்டைக் கழற்றியதும் ஃப்ளைவீல் கையோடு வராது. கிராங்க் தண்டின் கூம்பாகச் சரிந்த முனையில் அது இறுகி உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே உள்ள புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) ஃப்ளைவீலின் நடுவிலுள்ள மரையில் முழு ஆழத்துக்கு ஏற்றுங்கள். இரண்டு சுற்று மட்டும் பிடித்திருந்தால் மரை உரிந்துவிடும். சில மாடல்களில் அது இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றி இறுகுவது), அதையும் முதலில் பாருங்கள். கொக்கி புல்லரை விளிம்பில் மாட்டி இழுத்தால் விளிம்பு கோணும், உள்ளே இருக்கும் காந்தமும் பெயரலாம். தண்டின் முனையில் சுத்தியலால் அடிப்பது அதைவிட மோசம். ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் கிராங்க் பெரும்பாலும் துண்டுகளாக அழுத்திச் சேர்த்ததுதான். பலமான ஓர் அடியில் அதன் நேர் போய்விடலாம். இறுகிய ஃப்ளைவீல் டக்கென்று விடுபடும், எனவே முகத்தை நேரே வைக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பேரிங்குக்கு வருவோம். கேஸுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும், தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும். மாற்றி அழுத்தினால் அந்த பலம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங் அன்றைக்கே கெட்டதாகிவிடும். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் கேஸைச் சீராக 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் பேரிங் எளிதாக இறங்கும். பேரிங்கை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் சுலபம். நெருப்பை நேராகக் காட்டாதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழலவிடும் பழக்கமும் வேண்டாம். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் கெட்டுவிடும், சிதறி ஆளைக் காயப்படுத்தவும் கூடும்.

திரும்ப மாட்டும்போது ஒரு கேள்வி நிச்சயம் வரும்: ஃப்ளைவீலைத் தண்டோடு பிடித்துச் சுழற்றுவது எது? பலர் சாவி (தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே பள்ளத்தில் உட்காரும் சிறு உலோகத் துண்டு) என்பார்கள். சாவி இடத்தைக் குறிப்பதற்குத்தான். பிடிப்பது கூம்பின் உராய்வு. அதனால்தான் இரண்டு பக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்கச் சொல்கிறார்கள். கூம்பு சறுக்கினால் சாவி அறுந்து, இக்னிஷன் டைமிங் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரம்) மாறிவிடும்.

மாட்டுவதற்கு முன் காந்தத்தில் வாஷரோ இரும்புத் துகளோ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நட்டை டார்க் ரெஞ்சால்தான் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். எவ்வளவு என்பது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மேசையில் மேனுவல் இல்லையென்றால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.