நடுவரிடம் கேட்கும் கேள்வி: மூணாறு நாட்குறிப்பு

ஏப்ரல் 3, 2024

தம்பி மகன் நேற்றிரவு கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தான். அவன் தனியார் விமான நிறுவனமொன்றில் விமானி. அதன் பெயரை எழுதுவது அவனுக்கு நல்லதல்ல. மாதந்தோறும் உறுதியாகக் கிடைத்துவந்த பறப்பு நேரச் சம்பளத்தைக் குறைக்கும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லியிருக்கிறார்கள். சக விமானிகள் பலர் ஒரே நாளில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுக்கலாமா என யோசிக்கிறார்களாம். "பெரியப்பா, இது வேலைநிறுத்தம் ஆகுமா?" என்று கேட்டான். தோட்டத் தொழிற்சங்க அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவனிடம் கேட்கத் தகுந்த கேள்விதான்.

ஆகும் என்றே சொன்னேன். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவை. முன்னறிவிப்பு கொடுத்து 14 நாள்கள் கழியாமல் அங்கே வேலையை நிறுத்தக் கூடாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்த 7 நாள்கள் வரையிலும் கூடாது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் இதே விடுப்பு வழியில் இறங்கியதற்குக் காரணம் சம்பளமன்று, தோழர் இருவரின் பணிநீக்கம்.

ஏப்ரல் 5

மாலையில் கோடைமழை பெய்ததால் மின்சாரம் இல்லை, பேச்சு நீண்டது. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸில் நடந்த தகராறைப் பற்றிச் சொன்னேன். அங்கே நெடுந்தூர விமானிகள் செய்ததெல்லாம் சிவப்பு டை அணிந்ததும், பறக்கும்போது பயணிகளிடம் தங்கள் நிலையை ஒலிபெருக்கியில் எடுத்துச் சொன்னதும்தான். பொறியாளர் சங்கமும் சரக்குப் பணியாளர் சங்கமும் தனித்தனியே போராடிக்கொண்டிருந்தன. 2011 அக்டோபர் 29 அன்று நிர்வாகமே தன் விமானங்கள் அனைத்தையும் தரையில் நிறுத்தியது. உடனே ஆஸ்திரேலிய அரசு, தொழில் தீர்ப்பாயத்தை நாடியது. 31-ஆம் தேதி அதிகாலை இரு தரப்பு நடவடிக்கைகளையும் முடித்துவைக்கும் ஆணை வந்தது. 21 நாள் பேச்சுவார்த்தையிலும் உடன்பாடு எட்டப்படாததால் விமானிகளின் தகராறு கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போயிற்று.

2013 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பு ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வைக் கொடுத்தது. ஆனால் விமானிகள் உயிராய் நினைத்த கோரிக்கை, குவாண்டாஸ் பெயரில் பறக்கும் விமானத்தைக் குவாண்டாஸ் நிபந்தனைகளில் பணிபுரியும் விமானியே ஓட்ட வேண்டும் என்பது. அதை அவர்களால் பெற முடியவில்லை. "அப்படியானால் நடுவரிடம் போய் என்ன பயன்?" என்றான். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

ஏப்ரல் 6

இரவெல்லாம் அதையே நினைத்துக் கிடந்தேன். நம் சட்டத்தில் தொழில் தீர்ப்பாயம், அரசு அனுப்பும் கேள்விகளையும் அவற்றை ஒட்டிய விஷயங்களையும் மட்டுமே விசாரிக்கலாம். கேள்வித்தாளில் இல்லாதது விடையில் வராது. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு தாமே நடுவரைத் தேர்ந்தெடுக்கும் 10ஏ பிரிவிலும் தகராறின் பொருளை முதலிலேயே எழுதியாக வேண்டும். மனுவின் முதல் பக்கத்தை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

இதை நான் கற்றது புத்தகத்திலன்று. 2015 செப்டம்பரில் இங்கே தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் 'பொம்பளை ஒருமை' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, எங்கள் சங்கங்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது, நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். 20 சதவீதம் போனஸ் பெற்றார்கள். பிறகு தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 500 ஆக வேண்டுமென்றார்கள். பேச்சுவார்த்தையில் 301 வந்தது, கிள்ள வேண்டிய கொழுந்தின் எடையும் கூடவே உயர்ந்தது. கூலிக் கணக்கை மட்டும் மேசையில் வைத்தால் எடைக்கணக்கு பின்வாசல் வழியாக வரும் என்பது எழுத்தனாகிய எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 8

இன்று அவன் எழுதிவந்த கோரிக்கை வரைவைத் திருத்தினோம். முதல் நான்கு அம்சங்களும் பணம். வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியும், இரவுப் பணியில் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஜனவரியில் வெளியிட்ட விதிகள் ஜூன் 1 முதல் நடப்புக்கு வருவதாக இருந்தன; மார்ச் கடைசியில் தள்ளிவைக்கப்பட்டன. அதனால் அந்த ஓய்வு நேரங்களை எங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள் என்று கேட்கலாம் என்றேன். "கூட இருப்பவர்கள் சம்பளத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், பெரியப்பா" என்றான். உண்மைதான். ஆயினும் பேனாவை வாங்கி, ஐந்தாவதாக இருந்த ஓய்வு நேரக் கோரிக்கையை அங்கே அடித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே எழுதினான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறான். படியெடுத்த தாள்கள் மூன்றும் பையில் இருக்கின்றன.